வெள்ளிக்கிழமை விவசாயிகள்

2022 ஜூன் மாதம் இலங்கை அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வர வேண்டாம், வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்றது. முதல் வெள்ளி ஜூன் 17. பெற்றோல் இல்லை, ஆகவே வேலைக்கு வர முடியாது என்பது ஒரு காரணம். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, ஆகவே தோட்டம் செய்ய வேண்டும் என்பது மற்றக் காரணம். இரண்டையும் ஒரே அமைச்சரவைத் தீர்மானத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். டொலர் தீர்ந்ததால் வந்த லீவை லீவு என்று சொன்னால் கேவலம். கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டால் அது தேசப்பணி.

வெள்ளவத்தையில் ஏழாம் மாடியில் குடியிருக்கும் எழுதுவினைஞர் எங்கே கொத்துவார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் கவலை இருந்திருக்காது. அதே மாதம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது: அரச ஊழியர்கள் ஐந்து வருடம்வரை சம்பளமில்லா லீவு எடுத்து வெளிநாட்டில் வேலைக்குப் போகலாம். ஒரு சுற்றறிக்கை நடு என்றது, மற்றது ஓடு என்றது. எது பலித்தது என்பதற்குப் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு இராவிராவாக நின்ற வரிசையே சாட்சி.

முதல் வெள்ளிக்கிழமை ஊன்றிய மிளகாய் விதை பூக்கும்வரைகூட ஆட்சி தாங்கவில்லை. ஜூலை 9 அன்று சனங்கள் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் குளித்தார்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்தார். அந்த மாளிகையில் நல்ல விசாலமான புல்தரை உண்டு. உள்ளே போன ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்தார்கள். ஒரு படத்திலும் ஒரு பாத்தி கண்ணில் படவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஞானம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்ற தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்று எழுதியிருந்தார்கள். பத்து வருட வேலையை 2021 ஏப்ரலில் ஓர் அறிவிப்பிலும் மே மாதம் ஒரு வர்த்தமானியிலும் முடித்தார்கள். இரசாயன உரமும் பீடைகொல்லியும் இறக்குமதி செய்யத் தடை. விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்கள், விவசாயிகள் வீதியில் கொடும்பாவி எரித்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. நெல்லில் தன்னிறைவு என்று பீற்றிக்கொண்ட நாடு அரிசிக்குக் கப்பல் பார்த்து நின்றது.

கப்பல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சேதன உரம் ஏற்றிக்கொண்டு சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருக்கிறது என்று நம் விஞ்ஞானிகள் சொன்னதால் உரம் இறக்கப்படவில்லை. ஆனால் சீனா விடவில்லை. இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், மருந்துக்கும் பாலுக்கும் டொலர் இல்லாத நாடு, இறங்காத உரத்துக்கு 67 இலட்சம் டொலர் கட்டியது. உலகத்திலேயே சுத்தமான சேதன உரம் அதுதான். ஒரு துளி மண்ணும் அதைத் தொடவில்லை.

இப்படி வயலைக் கெடுத்த கையோடுதான் எங்களைப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் கீரை போடுங்கள் என்றார்கள்.

புதிய யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். 2011இல் பசில் ராஜபக்சவின் ‘வாழ்வின் எழுச்சி’ வந்தது. இலக்கு 10 இலட்சம் வீடுகள். விதையும் கன்றும் வீடு வீடாகப் போயின. பிறகு அந்தத் திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவரப் போனபோது, மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப் பிரேரணை கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுத்தோட்டத்துக்குக் குறுக்கே நின்றால் அப்படித்தான். 2020இல் கொரோனா ஊரடங்கோடு ‘சௌபாக்கியா’ வந்தது. இலக்கு மறுபடியும் 10 இலட்சம் வீட்டுத்தோட்டம். 2011இன் 10 இலட்சமும் 2020இன் 10 இலட்சமும் உண்மையிலேயே முளைத்திருந்தால், 2022இல் ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் வந்து இந்த நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவு நிச்சயமில்லை என்று எண்ணியிருக்க வேண்டி வந்திராது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு உணவு விலைவாசி ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. தோட்டங்கள் முளைத்த இடம் கோப்பு மட்டும்தான். அங்கே மண் வளம் எப்போதும் நன்று.

விவசாய அமைச்சுக்கே ஒரு காலத்தில் இருக்க இடமில்லாமல் போனது. சொந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறி, 2016இல் ராஜகிரியவில் ஒரு தனியார் கட்டடத்தை மாதம் 2 கோடி ரூபாவுக்கு மேல் கொடுத்து வாடகைக்கு எடுத்தார்கள். எடுத்து, ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே போகாமல் வாடகை மட்டும் கட்டினார்கள். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. இருக்கும் இடத்தைச் சரியாகப் பயன்படுத்தி உச்ச விளைச்சல் பெறுவது எப்படி என்று எங்களுக்கு வகுப்பெடுக்கும் அமைச்சு இது.

சரி, எங்கள் பக்கம் வருகிறேன். மலையகத்துக்கு.

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் விதைப் பொட்டலம் பங்கிடும் கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு முன்னால் கூடாரம். மூன்று மொழியில் பனர். ‘உணவுப் பாதுகாப்பில் சமூகங்களை வலுவூட்டல்’ என்று தமிழில் எழுதியிருந்ததில் இரண்டு எழுத்துப்பிழை. கொழும்பிலிருந்து வந்த இரண்டு ஜீப், அதில் வந்தவர்களுக்கு சோற்றுப் பார்சல், சனத்துக்கு ஒரு பனிஸும் சாயத்தண்ணியும். பிரட்டுக்களத்தில் நிற்கிற மாதிரிப் பெண்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். மழைத்தூறலில் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றவர்கள் பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார்கள். படம் எடுத்தாயிற்று.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெண்டி, கத்தரி, பயற்றங்காய், மிளகாய். நல்ல விதைதான், தம்புள்ளையில் போட்டால். ஐயாயிரம் அடி உயரத்தில், மாசியில் புல்லில் பனி உறையும் மலையில், வெண்டி விதையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பொதுஅறிவை வைத்து ஒரு பாத்திகூடக் கட்ட முடியாது. கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி வளர்ப்பது எப்படி என்று எங்கள் பெண்களிடம் கேட்டிருந்தால் அவர்களே வகுப்பெடுத்திருப்பார்கள். மாலை மூன்று நாலு மணிக்கு மலையிலிருந்து இறங்கி, பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கைக்காசுக்குக் களை வெட்டுகிறவர்கள் அவர்கள்தான். கந்தப்பளை, ராகலைப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்த குடும்பங்கள் அதில் கரட் போட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கின்றன. இந்தச் சனத்துக்குப் பயிர் செய்யத் தெரியாது என்பது கொழும்பின் கண்டுபிடிப்பு.

ஒரு அக்கா கேட்டார்: “வெத நல்லாத்தான் இருக்கு சேர். எங்க போடுறது?”

“வீட்டச் சுத்திப் போடலாந்தானே, அம்மா.”

“வீட்டச் சுத்திக் கான்தான் இருக்கு.”

வந்திருந்த அதிகாரி சிரித்துவிட்டு, உரப்பையில் மண் நிரப்பிக்கூட வளர்க்கலாம் என்று விளக்கினார். அந்த அக்கா குடியிருந்த லயத்தை அவர் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இஸ்தோப்புக்கு முன்னால் ஒரு ஆள் நடக்கும் பாதை, அதற்கப்பால் கான், கானைத் தாண்டினால் தேயிலை. பின்பக்கம் மண்மேடு, மேட்டின் மேல் தேயிலை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை. கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும். உரப்பை வைப்பதென்றால் பாட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் படுக்க வைக்க வேண்டும். மேட்டில் நாலு கோவா நட்டால் அடுத்த வாரம் காவற்காரன் வருவான், அதற்கடுத்து கணக்கப்பிள்ளை, பிறகு துரையின் கடிதம். நிலம் கம்பனியுடையது. கம்பனிக்கு அரசாங்கம் 1992இல் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை 2045 வரை. 2023இல் மாத்தளை எல்கடுவப் பக்கம் ஒரு குடும்பம் கட்டிய தற்காலிகக் குடிலைத் தோட்ட உதவி அதிகாரி ஒருவர் அடித்து உடைத்ததை நாடே வீடியோவில் பார்த்தது. குடிலுக்கே இந்தக் கதி என்றால் கோவாப் பாத்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இதே ‘வளருங்கள்’ பேச்சுக்கு ஓர் அர்த்தம் உண்டு. கண்டி வீட்டுத்தோட்டம் உலகம் அறிந்தது: பலா, தென்னை, கமுகு, அதில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் இஞ்சி. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் பஞ்சத்துக்கு மருந்து பலாமரம் என்று ஊர் ஊராகக் கன்று நடவைத்தார். ‘கொஸ் மாமா’ என்று சனம் அவருக்குப் பேர் வைத்தது. 2022இல் எத்தனையோ வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு அவித்த பலாக்காய்தான். அவரைக் கும்பிடலாம். ஆனால் பலாவுக்கு வேர் விட இடம் வேண்டும். எங்களுக்குப் பலாக்காயும் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான்.

இதை நாங்கள் ஒரு தடவை பார்த்து முடித்துவிட்டோம். 1970க்குப் பின் சிறிமாவோ பண்டாரநாயக்க காலத்தில் இறக்குமதியை நிறுத்தி, நாட்டையே பயிர் செய்யச் சொன்னார்கள். அதை யுத்தம் என்றே அழைத்தார்கள். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் பொலிஸ் மறித்த காலம். யாழ்ப்பாணத்து விவசாயி வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுக் காசு பார்த்தார், கல்வீடு கட்டினார். நல்லது, அவருக்குக் காணி இருந்தது. தோட்டத்தில் 1974இல் சாவு வீதம் நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடப் பயங்கரமாக ஏறியது. கூப்பன் அரிசி குறைய, மா குறைய, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகரத்துத் தெருவில் கையேந்திய தாய்மாரைப் பார்த்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே கொள்கை, அதே ஆண்டுகள், அதே தமிழ் பேசும் சனம்; ஓரிடத்தில் கல்வீடு, ஓரிடத்தில் பிணம்.

அதோடு விட்டார்களா? காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசு எடுத்தது. எடுத்த நிலத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள், அதில் பரம்பரையாக உழைத்தவனுக்கு அல்ல. 1948இல் குடியுரிமையைப் பிடுங்கியாயிற்றே, பிறகு காணி எப்படிக் கேட்பான்? 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுக்க அளக்க வந்தபோது தொழிலாளர் மறித்தார்கள். பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் செத்தார். உணவு உற்பத்திக்குக் காணி பங்கிட்ட வரலாற்றில் மலையகத்தானுக்குக் கிடைத்த பங்கு அந்தக் குண்டு.

இப்போது காலம் மாறிவிட்டது. வீட்டுத்திட்டங்களில் 7 பேர்ச்சஸ் தந்தார்கள். சமூக அமைப்புகள் கேட்டது 20. ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, மலசலகூடக் குழி, சரிவுக்குக் கட்டும் கல்லணை, நடைபாதை. மிச்சத்தில் உணவுப் பாதுகாப்பு. அதற்கும் உறுதிப்பத்திரம் எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த தேர்தலுக்கு முன் என்பார்கள். எந்தத் தேர்தல் என்று சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை லீவும் எங்களுக்கு இருக்கவில்லை. நாங்கள் அரச ஊழியர் அல்ல. உரத்தடையில் தேயிலை மலை காடு பற்றிக் கொழுந்து குறைந்தபோதும் முழுப்பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ குறையவில்லை. எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அன்று நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. கோதுமை மா ஒரு கிலோ முந்நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கணக்கெடுப்பைப் புரட்டினாலும் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் பசியில் முதலிடம் தோட்டத்துக்குத்தான். உலகத்துக்கே தேத்தண்ணி கொடுக்கிறவர்களுக்கு, நீங்களே கொஞ்சம் வளர்த்துச் சாப்பிடுங்களேன் என்று புத்தி சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

காணி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இராணுவத்துக்கு எப்போதும் காணி உண்டு. அதே 2022 ஜூனில் 1,500 ஏக்கருக்கு மேல் தரிசு அரச நிலத்தில் இராணுவம் பயிர் செய்யும் என்று அறிவித்தார்கள். வடக்கில் அவர்களுக்கு அனுபவம் நிறைய. வலிகாமம் வடக்குச் செம்மண் 1990இல் உயர் பாதுகாப்பு வலயமானது. சொந்தக்காரன் முகாமில் இருந்தான், மரக்கறி வேலிக்கு உள்ளே இருந்தது. தன் காணியில் விளைந்த கத்தரிக்காயை இராணுவத்திடம் விலை கொடுத்து வாங்கியவன் யாழ்ப்பாணத்தில் உண்டு. கேப்பாப்புலவுச் சனம் 2017இல் வீதியில் குந்தியிருந்து கேட்டதும் விதைப் பொட்டலம் இல்லை, காணிதான்.

குரங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் விவசாய அமைச்சு கோபித்துக்கொள்ளும். வளர்த்ததைக் குரங்கு தின்கிறது, உண்மை. பன்றியும் விடாது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்ப யோசித்தார்கள். ஆட்சி மாறி, 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்தே ஐந்து நிமிடம் குரங்கு, மயில், அணில் எல்லாவற்றையும் எண்ணினார்கள். நான் சிரிக்கவில்லை, பொறாமைப்பட்டேன். காலை எட்டு மணிக்குச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகும் தோட்டத்துப் பிள்ளைகளை எண்ணவும் ஐந்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் அவர்கள் மரத்தில் தாவுவதில்லை, காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவார்கள். எண்ணுவது சுலபம்.

குறை மட்டும் சொல்லி யோசனை சொல்லாதவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். அடுத்த 10 இலட்சம் வீட்டுத்தோட்டத் திட்டத்தை வரைபவர்களுக்காக ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெண்ணுக்கு நிலம் இல்லை, ஆனால் முதுகு இருக்கிறது. கொழுந்துக் கூடை ஒன்றுதானே தொங்குகிறது? இன்னொரு கூடையில் மண் நிரப்பிக் கட்டிவிடலாம். அதில் கீரை வளரும். வெயிலுக்கும் மழைக்கும் அவள் எப்படியும் நிற்கிறாள், செடியும் நிற்கட்டும். அட்டை கடித்த இரத்தம் நல்ல சேதன உரம், சீனாவுக்குக் காசு கட்டத் தேவையில்லை. குரங்கும் நெருங்காது, கங்காணி பின்னால் நிற்கிறார். நெற்றியில் மாட்டும் கயிற்றுக்கு நிதி உதவி கேட்டால் ஏதாவது தூதரகம் தரும். வெற்றி பெற்றால் ஜெனீவாவில் ஒரு மாதிரியைக் காட்சிக்கு வைக்கலாம், அவளையும் சேர்த்து.

திட்டத்தில் ஒரேயொரு சிக்கல்தான் உண்டு. கூடைக்குள் அள்ளிப் போடும் மண் கம்பனியுடையது. முகாமையாளருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும். அவர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார், அவர்கள் அமைச்சுக்கு அனுப்புவார்கள், அமைச்சு சட்டமா அதிபரிடம் அபிப்பிராயம் கேட்கும். மண் எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்தால் அதற்கான தொகையைச் சம்பளத்தில் வெட்டிக்கொள்ள அவள் சம்மதம் என்று கைநாட்டும் வைக்க வேண்டும்.